தலை இல்லாத கறிக்கடை

அத்தியாயம் 6

அந்தக் கடையில் எந்த ஆட்டுக்கும் தலை இல்லை. அதை முதலில் கண்டுபிடித்தது துப்பறிவாளர் பானுமதியின் மூளை அல்ல, அவளுடைய உதவியாளன் சந்தோஷ்குமாரின் நாக்கு.

"ரெண்டு தலை போடுங்க. நல்லா வாட்டிக் குடுங்க," என்றான்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்ற யுவராஜ் சிரித்தான். 'மலைத்துளிர்' கடையின் முதலாளி. வெள்ளை ஏப்ரன் கட்டியிருந்தான். அதில் ஒரு சொட்டுக் கறை இல்லை.

"தலை கிடையாதுங்க சார்."

"கால்? மேடத்துக்கு மூட்டு வலி. சூப் வைக்கணும்."

"கால் வெக்கறதில்லைங்க."

"குடல்? ரத்தம்?"

"கறி மட்டும்தான் சார். இது பிரீமியம் கடை."

"ஏனுங்க, தலையும் இல்லாம காலும் இல்லாம உங்க ஆடெல்லாம் மலையில எப்படிங்க மேயுது?"

யுவராஜ் இன்னும் பெரிதாகச் சிரித்தான். பானுமதி சிரிக்கவில்லை. இல்லாத மூட்டு வலிக்காக லேசாகச் சாய்ந்து நின்றபடி விலைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள். 'இளம் செம்மறிக் குட்டி. மிளகுக் கொடி நிழலில் மேய்ந்தது. அருவித் தண்ணீர் குடித்தது. கிலோ ஆயிரத்து அறுநூறு.' கீழே சேலத்தில் நல்ல கடையிலேயே தொள்ளாயிரம்தான்.

"அதிகமா இருக்கே?" என்றாள்.

"மேடம், கறிக்குத் தொள்ளாயிரம். மிச்சம் நம்பிக்கைக்கு." யுவராஜ் ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தான். அதன்மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஒரு மலைக் கிழவி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'பாப்பாத்தி, தேவனூர் நாடு. நான் வளர்த்த குட்டி, உங்கள் தட்டில்.' "வாங்கறவங்க ஆட்டைப் பாக்கறதில்லைங்க. முகத்தைப் பாக்கறாங்க. இந்தச் சிரிப்பை ஒட்டாம வெச்சா எழுநூறுக்குக்கூடப் போகாது."

பானுமதி அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுக்கவில்லை. பச்சைக் கறி அவளுக்குப் புதிதல்ல. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் குடலைப் புரட்டி, சுண்ணாம்பு போட்டுக் கழுவியவள். அப்போதெல்லாம் வராத குமட்டல் இந்தக் கழுவித் துடைத்த கடையில் வந்தது. எங்கிருந்து வருகிறது என்று தனக்குள்ளேயே தேடிப் பார்த்தாள். காடியின் புளித்த வினிகர் வாசனையா? அதற்கு அடியில் பதுங்கியிருந்த இன்னொரு வாசனையா? இல்லை. போன வாரம்வரை அந்த ஸ்டிக்கரில் வேறொரு முகம் இருந்தது. அதை உரித்துவிட்டு அதே இடத்தில் இதை ஒட்டியிருக்கிறார்கள். அதுதான்.

போன வாரத்து முகத்தின் பெயர் சென்றாயன்.

பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் போன ஞாயிறு இந்தக் கடையில் கறி வாங்கி, வாசலூர்பட்டிப் படகுத் துறைக்குப் பக்கத்தில் தாங்கள் தங்கியிருந்த விடுதியில் சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டது. விடிவதற்குள் எல்லோரும் சுருண்டுவிட்டார்கள். ஒரு சிறுமி இன்னும் நாமக்கல் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். விடுதிக் குப்பையில் கிடைத்த பொட்டலத்தில் சென்றாயனின் சிரித்த முகம் இருந்தது. போலீஸ் அதற்கு மேல் தேடவில்லை. குற்றவாளியே தன் படத்தையும் ஊரையும் ஒட்டிக் கொடுத்திருக்கும்போது தேடுவதற்கு என்ன இருக்கிறது? ஆட்டுக்கு இருந்த நோயை மறைத்துச் சென்றாயன் தன்னிடம் விற்றுவிட்டார் என்று யுவராஜ் புகார் கொடுத்தான். குட்டி கொடுத்தாயா என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். கொடுத்தேன் என்று சென்றாயன் ஒப்புக்கொண்டார். இன்று சாயங்காலம் அவரைக் கீழே கொண்டுபோய் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்போகிறார்கள்.

நேற்று அவருடைய மனைவி அத்தாயி, பஸ் பிடித்துச் சேலத்துக்கு வந்து, பானுமதியின் ஆபீஸ் வாசலில் ஒரு மூட்டைச் சாமையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். "என்கிட்ட இதாங்க இருக்குது," என்றாள்.

"இது நிஜமாவே இன்னிக்கு அறுத்ததா?" கடையில் பொட்டலத்தைக் காட்டி பானுமதி கேட்டாள்.

யுவராஜ் பெருமையாகத் திரும்பிக் கை காட்டினான். கொக்கியில் ஓர் ஆட்டுடல் தலைகீழாகத் தொங்கியது. தோல் உரித்த அந்த உடம்பில் வால் மட்டும் மயிரோடு விடப்பட்டிருந்தது. கறிக்கடைகளில் வழக்கமாகச் செய்வதுதான். வாலைப் பார்த்தால் இன்ன ஆடு, புதிதாக அறுத்தது என்று வாங்குபவருக்கு நம்பிக்கை வரும். செம்பட்டை நிறத்தில், சுற்றிலும் மயிர் அடர்ந்து, நுனியில் மட்டும் வெள்ளையாக இருந்தது வால்.

"இன்னிக்கு உரிச்சதுங்க. வேணும்னா போட்டோ எடுத்துக்குங்க. எல்லாரும் எடுப்பாங்க."

சந்தோஷ் வாலோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் அவன் முகத்தைச் சுளித்தான். "மேடம், எனக்குப் பசி போச்சு. எங்க அம்மா பாத்தா சாமி கும்பிடுவாங்க. இருபத்தெட்டு வருஷத்துல முதல் தடவை."

"அந்த ஏப்ரனைப் பார்த்தியா?"

"என் கல்யாண வேட்டியைவிட வெள்ளையா இருந்துச்சு."

"அறுக்கிற இடமும் இல்லை, பின்னால பூட்டின ரூம் ஒண்ணுதான் இருக்கு. தலை, கால், குடல் எதுவும் இல்லை. தலை இல்லைன்னா என்ன தெரியாது, சொல்லு?"

சந்தோஷ் யோசித்தான். "பல்லு! பல் போட்டுச்சா இல்லையான்னு தெரியாது. குட்டியா கிழடான்னு தெரியாது."

"கண்ணும் தெரியாது. செத்ததா, அறுத்ததான்னு நாக்கும் சொல்லாது."

அவன் கடைக்கு எதிரே இருந்த ஏரிப் பக்கமாகத் திரும்பி நின்று சற்று நேரம் நல்ல காற்றாக இழுத்துவிட்டான்.

மலையின் இன்னொரு பகுதியான திருப்புலி நாட்டில் அத்தாயியின் வீடு மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் இருந்தது. கார் நின்ற இடத்திலிருந்து வரப்பில் நடக்க வேண்டியிருந்தது. அவள் வாசலிலேயே காத்திருந்தாள். நாற்பது வயதுக்காரி. எலுமிச்சை இலையைக் கசக்கிக் கசக்கி விரல்களில் தேய்த்தபடியே இருந்தாள். நேற்றும் ஆபீஸில் அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள் என்பது பானுமதிக்கு நினைவு வந்தது. பதற்றத்தில் சிலர் நகம் கடிப்பார்கள். இவளுக்கு இது போலும் என்று விட்டுவிட்டாள்.

"அம்மிணி, அவர உட்டுருவாங்களா?"

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. எஸ்.ஐ. உங்க வீட்டுக்காரர்கிட்ட என்ன கேட்டார்? அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

"'யுவராஜுக்குக் குட்டி குடுத்தியா'ன்னாருங்க. இவரு 'ஆமாங்க, குடுத்தேனுங்க'ன்னாரு. பொய் சொல்லத் தெரியாதுங்க அவருக்கு. போன வருசம் கடைக்காரங்க படம் புடிக்க வந்தாங்கல்ல, அப்ப ஒண்ணு குடுத்தது நெசந்தானுங்களே."

"என்ன குட்டி?"

"குட்டின்னா குட்டிதானுங்க." அத்தாயி பட்டியைக் காட்டினாள். கறுப்புக் குட்டிகள் மூன்று வேலியில் முன்னங்கால் வைத்து ஏறி நின்றன. மூன்றின் வால்களும் வானத்தைப் பார்த்து விறைத்திருந்தன.

பானுமதி அந்த வால்களையே பார்த்தாள். செம்மறிக்கு வால் இப்படி நிமிராது, தொங்கும். "வெள்ளாடு."

"ஆமாங்க."

"செம்மறி வெச்சிருக்கீங்களா?"

"செம்மறி இங்க நிக்காதுங்க. இந்த ஈரத்துக்குக் குளம்பு அழுகிப்போயிரும். எங்க ஊர்ல ஒரு ஊட்லயும் கெடையாது."

சந்தோஷ் நெற்றியில் அடித்துக்கொண்டான். "மேடம்! போலீஸ் கேட்டது செம்மறிக் குட்டி. இவர் சொன்னது வெள்ளாட்டுக் குட்டி. ஒரு மனுஷன் உண்மையைச் சொல்லி ஜெயிலுக்குப் போறதை இப்பத்தான் பாக்கறேன்."

"இதை ஏங்க ஸ்டேஷன்ல சொல்லலை?" பானுமதி கேட்டாள்.

அத்தாயி இலையைக் கசக்கினாள். "அவங்க கேக்கலீங்களே."

வீட்டுக்குள் சுவரில் ஒரு சட்டம் போட்ட படம் மாட்டியிருந்தது. யுவராஜ் அன்பளிப்பாகக் கொடுத்ததாம். ஸ்டிக்கரில் இருந்த அதே சிரிப்பு. ஆனால் ஸ்டிக்கரில் கழுத்தோடு வெட்டப்பட்டிருந்த படம் இதில் முழுதாக இருந்தது. சென்றாயனின் இரண்டு கைகளிலும் ஒரு கறுப்பு வெள்ளாட்டுக் குட்டி. வால் விறைத்து நின்றது.

"ஆட்டை வெட்டினது கத்தியில இல்லை," என்றான் சந்தோஷ். "கத்தரிக்கோல்ல."

பானுமதி படத்தைக் கழற்றினாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்குள் அருவருப்பு ஏறியது. குட்டியைக் கையில் வைத்திருக்கிற சந்தோஷத்தில் ஒரு மனிதர் சிரிக்கிறார். அந்தக் குட்டியை எடுத்துவிட்டு, சிரிப்பை மட்டும் உரித்து, எதன்மேலோ ஒட்டியிருக்கிறார்கள். எதன்மேல் என்பதுதான் இன்னும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவளுக்குப் பிடிக்கவும் இல்லை. ஆனால் பிடிக்காத திசையில் நடப்பதுதான் இத்தனை வருடமாக அவள் தொழில்.

அத்தாயியையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். பின் சீட்டில் சாமை மூட்டை இன்னும் கிடந்தது. சந்தோஷ் வண்டி ஓட்டியபடியே கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

"ஏனுங்க, இந்த மூட்டையில என்ன முடிச்சுங்க போட்டிருக்கீங்க? நேத்து ராத்திரி ஒரு படி எடுக்கலாம்னு பாத்தேன். முயல் காது மாதிரி ரெண்டு நுனி நிக்குது. எதை இழுத்தாலும் இறுகுது. பல்லால கடிச்சுக்கூடப் பாத்துட்டேன்."

அத்தாயி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஊட்டுக்குப் போயி கத்தரியில வெட்டிக்கங்க சாமி."

காவல் நிலையத்தில் சப் இன்ஸ்பெக்டர் ஆரோக்கியசாமி ஸ்டிக்கரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடலோர ஊர்க்காரர். மலைக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"எனக்கு ரெண்டும் மட்டன்தான் மேடம். மீன்ல கேளுங்க, நூறு ரகம் சொல்றேன்."

"அந்தக் கடைப் பலகையில செம்மறின்னு போட்டிருக்கு சார். இவர் ஊர்லயே செம்மறி கிடையாது. பின்னால ஒரு ரூம் பூட்டியிருக்கு. அதை மட்டும் திறந்து பாருங்க."

"பெரிய மனுஷங்கள்லாம் வாங்குற கடை. சும்மா போய்ப் பூட்டை உடைக்க முடியாது. வரேன். காரணம் இருந்தாத் திறப்பேன். இல்லேன்னா ஜீப் கீழே கிளம்பிடும்."

மூலையில் குந்தியிருந்த சென்றாயன் தலையைத் தூக்கினார். படத்தில் இருந்த மனிதரேதான். ஆனால் சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது. "ஆட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" என்று மனைவியைக் கேட்டார். அத்தாயி தலை குனிந்து இலையைக் கசக்கினாள்.

கடையில் யுவராஜ் அவர்களை எதிர்பார்க்கவில்லை. ஆனால் தடுமாறவும் இல்லை. "வெள்ளாடா? அது போட்டோவுக்குங்க சார். சென்றாயன் கீழ சந்தையில செம்மறி வாங்கிட்டு வந்து எனக்குக் குடுப்பார். தன் ஆட்டோட வியாதியை மறைச்சவர், அதை மட்டும் சொல்வாரா?"

ஆரோக்கியசாமி பானுமதியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஜீப்பின் இன்ஜின் சத்தம் கேட்டது.

"சந்தோஷ்," என்றாள்.

அவன் போனை நீட்டினான். கடையின் விளம்பரப் பக்கம். ஞாயிறுக்கும் பண்டிகைக்கும் 'இன்றைய குட்டி' என்று ஒரு படம். "சார், இது இன்னிக்கு நான் எடுத்த செல்ஃபி. வாலைப் பாருங்க, நுனியில வெள்ளை. இது போன வாரம். நுனியில வெள்ளை. இது பொங்கலுக்கு. இது தீபாவளிக்கு. ஏனுங்க யுவராஜ், உங்க ஆட்டுக்கு மறுபிறவி உண்டுங்களா? உடம்பு வேற வேறயா வருது, வால் மட்டும் அப்படியே பொறக்குது?"

யுவராஜ் ஏப்ரனை இழுத்துச் சரிசெய்தான். அவ்வளவுதான். "ஒரே கிடாயோட குட்டிகள் சார். வெள்ளை நுனி அந்த வம்சத்துக்கே உண்டு. சந்தேகம்னா இழுத்துப் பாக்கச் சொல்லுங்க. ஒட்டவெச்ச வாலா இருந்தாக் கையோட வந்துடும்."

"இழு," என்றார் ஆரோக்கியசாமி.

சந்தோஷ் வாலைப் பிடித்து இழுத்தான். கொக்கி கிரீச்சிட்டது. ஆட்டுடல் ஆடியது. வால் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். வரவில்லை.

"போதும் சார்," என்றான் யுவராஜ். இப்போது அவன் சிரிப்பில் எண்ணெய் தடவியிருந்தது. "என் சரக்கைப் பாழாக்காதீங்க."

ஆனால் வால் இழுபட்டபோது மயிர் ஒரு பக்கம் ஒதுங்கியது. பானுமதி மட்டும்தான் அவ்வளவு அருகில் நின்றிருந்தாள். வாலின் அடியில், இறைச்சியோடு இறைச்சியாக, ஒரு பழுப்புச் சணல் நூல். அதன் முடிச்சில் இரண்டு நுனிகள். முயல் காதுகள்.

காரில் கிடந்த சாமை மூட்டையில் இருந்த அதே முடிச்சு.

எலுமிச்சை இலை. கேட்காததால் சொல்லாத செம்மறி. கத்தரியில வெட்டிக்கங்க சாமி. ஒவ்வொன்றும் தானாக வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

ஒரு கத்தி கேட்டால் போதும். தையலை அறுத்தால் எஸ்.ஐ. நூலைப் பார்ப்பார். நூலைப் பார்த்தால் யார் தைத்தது என்று கேட்பார். கேட்டால் இந்த எண்ணெய்ச் சிரிப்புக்காரன் சந்தோஷமாகச் சொல்வான். கேட்காமல் விட்டால் சென்றாயனை ஜீப்பில் ஏற்றுவார்கள். புருஷனை மீட்க மனைவியைக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு நான் யார்? ஒரு மூட்டைச் சாமை வாங்கிக்கொண்டவள். தன் தொழிலின்மேலும், கண்டுபிடித்த கணத்தில் உள்ளே எழுந்த சின்ன வெற்றிக் குறுகுறுப்பின்மேலும் அவளுக்கு ஓர் ஓங்கரிப்பு வந்தது. கறியைப் பார்த்து வந்ததைவிட அது மோசமாக இருந்தது.

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அத்தாயி படச் சட்டத்தை மார்போடு அணைத்தபடி நின்றாள். அவளும் பானுமதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பானுமதி பார்த்துவிட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

பானுமதி எதுவும் சொல்லவில்லை. கத்தியும் கேட்கவில்லை.

"சரி மேடம்," என்றார் ஆரோக்கியசாமி. "வேற காரணம் இல்லேன்னா..."

அத்தாயி உள்ளே வந்தாள். படத்தைக் கண்ணாடித் தடுப்பின்மேல் சாய்த்து வைத்தாள். யுவராஜின் சிரிப்பு உதட்டிலேயே நின்றுபோனது.

"ஏய், இவளை யாரு உள்ள..."

"இழுத்தா வராதுங்க," என்றாள் அத்தாயி எஸ்.ஐ.யிடம். "இழுத்தா இறுகும்."

கொக்கியின் பக்கம் போய், வாலின் அடியில் விரலை நுழைத்தாள். இரண்டு நுனிகளையும் எதிரெதிராக ஒரு தள்ளு தள்ளினாள். நூல் தளர்ந்தது. வால் அவள் உள்ளங்கையில் விழுந்தது. அடிப்பக்கம் உப்பு பூத்துக் காய்ந்து, செருப்புத் தோல்போல் இருந்தது.

"நான் போட்ட முடிச்சுங்க," என்றாள்.

ஆரோக்கியசாமி வாலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"வாரம் ஒருக்கா வரச் சொல்லுவாங்க. அவரப் புடிச்ச பொறவும் உடலீங்க. ஒரே வாலுதானுங்க. உப்புல போட்டு வெச்சிருப்பாங்க. கடைக்கு அழகுக்குன்னாங்க. மொத நாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க, இது அறுத்த ஆடு இல்லைன்னு. மூக்கு இருக்குதுங்களே." அவள் குரல் உயரவே இல்லை. "வரமாட்டேன்னேன். படம் உன்ற புருசனோடது, எதாச்சும் ஆனா அவனைத்தான் புடிப்பாங்க, வாயத் தெறக்காதன்னாரு இந்தக் கடைக்காரரு. எங்க ஊட்டுக்காரர் மூஞ்சி ஒட்டுன கறிக்கு நானே வாலு தெச்சேனுங்க."

பின்னறையைத் திறக்க அதற்குமேல் காரணம் தேவைப்படவில்லை. ஆரோக்கியசாமி சாவிக்குக் கை நீட்டினார். யுவராஜ் கொடுத்துவிட்டான்.

கதவு திறந்ததும் காடி வாசனைக்கு அடியில் பதுங்கியிருந்தது எழுந்து வந்து முகத்தில் அறைந்தது. மீன் வண்டிகளில் வருகிற வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஐஸ் உருகித் தரையில் இளஞ்சிவப்பாகத் தேங்கியிருந்தது. பெட்டிகளுக்குள் தலையும் காலும் இல்லாத உடல்கள். கிழட்டுப் பெண் ஆடுகள். சந்தைக்கு வருகிற லாரிகளில் நெரிசலில் மிதிபட்டுச் செத்தவை. ஒன்றின் விலா முழுக்கக் கறுநீலமாகக் கன்றியிருந்தது. பக்கத்தில் ஒரு வாளியில் காடி. இன்னொரு வாளியில் சிவப்புச் சாயம். அலமாரியில், இந்த நாற்றத்துக்கு நடுவில், சுத்தமாக அடுக்கி வைத்த ஸ்டிக்கர்க் கட்டுகள். தேவனூர் நாட்டு முகங்கள், திருப்புலி நாட்டு முகங்கள். எல்லாமே சிரித்துக்கொண்டிருந்தன.

ஆரோக்கியசாமி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். ஏரிக்கரையில் அவர் குனிந்து நிற்பதைப் படகில் போனவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"இதை எல்லாரும்தான் பண்றாங்க," என்றான் யுவராஜ். அப்போதும் அவனுக்கு வெட்கம் வரவில்லை. "எல்லாருக்கும் குட்டி வேணும், மலை வேணும், கதை வேணும். அத்தனை குட்டிக்கு எங்க போறது?"

பானுமதி அலமாரிப் பக்கம் போனாள். ஒரு ஸ்டிக்கர்க் கட்டை எடுத்து, முகங்கள் கீழே பார்க்கும்படி கவிழ்த்து வைத்தாள். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் வைத்தாள்.

காவல் நிலைய வாசலில் ஆரோக்கியசாமி இன்னும் வெளுத்துப்போயிருந்தார். "அவரை அனுப்பிடறேன் மேடம். இந்தம்மாவை இப்போ விட முடியாது. சாட்சியா, கூட்டாளியான்னு நான் சொல்ல முடியாது. கோர்ட் சொல்லணும். தானா வந்து அவிழ்த்தாங்கன்னு எழுதறேன். என்னால முடிஞ்சது அதுதான்."

"தெரிஞ்சுக்கிட்டே ஏங்க என்கிட்ட வந்தீங்க?" பானுமதி அத்தாயியைக் கேட்டாள். "நேத்தே சொல்லியிருந்தா?"

"நீங்களே கண்டுபுடிச்சிருவீங்கன்னு நெனச்சேனுங்க. என்ற வாயில வராம." பானுமதியை நேராகப் பார்த்தாள். "நீங்க பாத்துட்டீங்க. பாத்துட்டும் சொல்லலை. அப்பறம் நான் சொல்லாம எப்படிங்க இருக்கறது?"

பானுமதி தன் விரல்களை முகர்ந்தாள். எதையும் தொடவில்லை, ஸ்டிக்கரைத் தவிர. இருந்தும் நாறியது. அத்தாயி மடியிலிருந்து கசங்கிய எலுமிச்சை இலைகளை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"தேய்ங்க அம்மிணி. போவாது. ஆனாலும் தேய்ங்க."

உள்ளே போகிற அத்தாயியும் வெளியே வருகிற சென்றாயனும் படியில் எதிரெதிராக நின்றார்கள். "ஆட்டுக்கு இன்னும் தண்ணி காட்டலைங்க. போயி காட்டுங்க," என்றாள் அவள். நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

சென்றாயன் ஒன்றும் புரியாமல் கார்ப் பக்கம் வந்தார். சந்தோஷ் வாயைத் திறந்தான். அவனிடம் ஒரு ஜோக்கும் இல்லை.

"என்னைய எப்படிங்க உட்டாங்க?" சென்றாயன் பானுமதியைக் கேட்டார். "அத்தாயி என்ன பண்ணுனா?"

"ஒரு முடிச்சு இருந்துச்சுங்க. யாருக்கும் அவுக்க வரலை. அவங்க அவுத்தாங்க."

அவர் முகம் மலர்ந்தது. "அவ போடற முடிச்சு அப்படித்தானுங்க. அவளுக்கு மட்டுந்தான் அவுக்க வரும்," என்று சொல்லிப் பெருமையாகச் சிரித்தார்.

ஸ்டிக்கரில் இருந்த அதே சிரிப்பு. பானுமதியால் அதைப் பார்க்க முடியவில்லை. குனிந்து, இலையைக் கசக்கி, விரல்களில் அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள்.